பிரௌனி ஏன் கேக்காகிவிடுகிறது? அளவும் பதமும்

பிரௌனிக்குப் போட்டதாக நீங்கள் சொல்லியிருப்பது இது: ஒரு கப் மைதா, அரை கப் கோகோ பவுடர், ஒரு கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், ஒரு கப் பால், இரண்டு முட்டை, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். 180 டிகிரியில் 35 நிமிடம், குச்சி சுத்தமாக வரும்வரை வைத்திருக்கிறீர்கள். ருசி மோசமில்லை, ஆனால் கடையில் கிடைக்கிற மாதிரி அடர்த்தியாக, ஈரமாக, மேலே பளபளவென்று மெல்லிய தோலோடு வரவில்லை. எந்த பிராண்ட் கோகோ வாங்கினால் சரியாகும் என்று கேட்கிறீர்கள். கோகோவை மாற்றினால் இது சரியாகாது. நீங்கள் செய்தது சாக்லேட் கேக். அந்த அளவுகளுக்கு என்ன வரவேண்டுமோ அதுதான் வந்திருக்கிறது. எனவே நீங்கள் உண்மையில் கேட்பது, கேக்கும் பிரௌனியும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை. அதற்கே பதில் சொல்கிறேன்.

நீங்கள் தேடும் இந்த அடர்ந்த, ஈரமான பிரௌனியை ஃபட்ஜி என்பார்கள். அந்தச் சொல் ஃபட்ஜ் என்ற இனிப்பிலிருந்து வந்தது. சர்க்கரை, பால், வெண்ணெய் மூன்றையும் காய்ச்சி இறக்குவது. நம் பால்கோவாவுக்கு தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். பல் பதியும்போது உதிராமல், ரப்பர் மாதிரி இழுக்காமல், மெதுவாக இறங்கி நாக்கில் கரையவேண்டும். பிரௌனியைக் கேக் வரிசையிலிருந்து எடுத்து இனிப்பு வரிசையில் வைத்து யோசித்தீர்களானால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மைசூர்பாகு கிளறுகிறவர் பதம் வந்ததா என்றுதான் பார்ப்பார், வந்த நொடியில் இறக்குவார். ஒரு நிமிடம் தாமதித்தாலும் அது வேறு பண்டம். பிரௌனியும் அப்படித்தான். கேக்குக்கு ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆனால் தாங்கும், இதற்குத் தாங்காது.

இது பிறந்த கதையிலும் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் 1893-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக, பெர்த்தா பாமர் என்ற சீமாட்டி தன் குடும்பத்தின் பாமர் ஹவுஸ் ஹோட்டல் சமையல்காரர்களிடம், பெண்கள் மதிய உணவுப் பெட்டியில் எடுத்துப்போக வசதியாக, கேக் துண்டைவிடச் சிறியதாக ஓர் இனிப்பு கேட்டார் என்பது அந்த ஹோட்டல் சொல்லிவரும் வரலாறு. அதுதான் முதல் பிரௌனியா என்பதில் ஆளுக்கொரு பேச்சு உண்டு. ஆனால் கையில் எடுத்துக் கடிக்கிற, பொலபொலவென்று உதிராத, சிறு துண்டிலேயே நிறைவு தருகிற பண்டம் என்ற எண்ணம் அன்றிலிருந்து மாறவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடிய பகுதி இதுதான். உங்கள் அளவில் மைதா சுமார் 125 கிராம், கோகோ 40 கிராம், சேர்த்து 165. கொழுப்பு என்று பார்த்தால் எண்ணெய், மஞ்சள் கரு, பாலில் உள்ளது எல்லாம் கூட்டினாலும் 130 கிராம் பக்கம்தான். தண்ணீரோ பாலிலிருந்தும் முட்டையிலிருந்தும் 280 கிராமுக்கு மேல். கீழே நான் சொல்லப்போகும் அளவில் மைதாவும் கோகோவும் சேர்ந்து 90 கிராம், கொழுப்பு 160 கிராம் பக்கம், தண்ணீர் 130 கிராம் பக்கம். மைதா, கோகோ இரண்டின் கூட்டைவிடக் கொழுப்பு குறைவாக இருப்பது உங்களுடையது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருப்பது இது. தண்ணீர் நிறைய இருந்தால் மைதாவின் ஸ்டார்ச் அதைக் குடித்து உப்பி, முழுதாக வெந்து, பஞ்சுபோல நிற்கும். அதில் பேக்கிங் பவுடர் காற்றையும் ஊதினால் கேக்கின் சல்லடை அமைப்பு முழுமையாகிவிடும். பிரௌனியில் மாவின் வேலை, உருகிய சாக்லேட்டும் வெண்ணெயும் வழிந்தோடாமல் பிடித்துவைப்பது மட்டுமே. அதற்குக் கொஞ்சம் போதும்.

20 சென்டிமீட்டர், அதாவது 8 அங்குலச் சதுர டின் ஒன்றுக்கு அளவு சொல்கிறேன். டார்க் சாக்லேட் 150 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், வெள்ளைச் சர்க்கரை 150 கிராம், நாட்டுச்சர்க்கரை அல்லது பிரவுன் சுகர் 50 கிராம், முட்டை 3, மைதா 65 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், உப்பு அரை டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், இன்ஸ்டன்ட் காபித்தூள் ஒரு டீஸ்பூன். பேக்கிங் பவுடர், சோடா இரண்டுமே கிடையாது. விட்டுப்போகவில்லை, வேண்டாம் என்றேதான் விட்டிருக்கிறேன். வால்நட் பிடிக்குமானால் வெறும் வாணலியில் லேசாக வறுத்து உடைத்தது 60 கிராம்.

இவற்றைக் கப்பால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். ஒரு கப் மைதாவை ஸ்பூனால் தளர்வாக அள்ளிப் போட்டால் 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150-ஐத் தொடும். அரை கப்புக்கு 15 கிராம் வித்தியாசம் என்பது கேக்கில் தெரியாது. மொத்த மைதாவே 65 கிராம் என்னும்போது அது கால்வாசிக்கு அருகே வந்துவிடுகிறது. ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு முறை நன்றாக வருகிறது, மறுமுறை வறண்டுபோகிறது என்று புலம்புகிற பலருக்கும் காரணம் இந்தக் கப்தான். கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று, விலை உயர்ந்த கோகோவைவிட உங்களுக்கு அதிகம் உதவும்.

சாக்லேட் வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். கோகோ பட்டர் என்று இருந்தால் அது சாக்லேட். அதற்குப் பதில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு அல்லது பாம் கர்னல் எண்ணெய் என்று இருந்தால் அது காம்பவுண்ட். பேக்கிங் சாமான் கடைகளில் பெரிய கட்டிகளாக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காம்பவுண்ட்தான். மேலே ஊற்றி அலங்கரிக்க அது வசதி. பிரௌனியின் உடம்பாக அதைப் போட்டால் வாயில் மெழுகு ஒட்டியது போல ஒரு படலம் நிற்கும், சாக்லேட் மணமும் பின்தங்கும். 55 முதல் 60 சதவீத கோகோ உள்ளது இந்த அளவுக்குப் பொருந்தும். அமுலின் 55 சதவீத டார்க் சாக்லேட் மாதிரி மளிகைக் கடையிலேயே கிடைப்பது தாராளமாகப் போதும். 70-க்கு மேல் போனால் சர்க்கரையை 20 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கசப்பும் வறட்சியும் தெரியும்.

வெண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் சாதாரணமாகக் கேட்டால் கொடுக்கிற மஞ்சள் வெண்ணெய்க் கட்டி உப்புப் போட்டது. அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் தனியாக உப்புப் போடவேண்டாம். எண்ணெய்க்கும் வெண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு ருசியோடு நிற்பதில்லை. எண்ணெய் ஆறினாலும் திரவமாகவே இருக்கும். வெண்ணெயும் கோகோ பட்டரும் குளிர்ந்ததும் இறுகும். அந்த இறுக்கம்தான் ஃபட்ஜ் தன்மையில் பெரும்பங்கு. 20 கிராம் வெண்ணெயைக் குறைத்து அந்த இடத்தில் எண்ணெய் ஊற்றினால் சற்று மெல்லும்படியான பிரௌனி கிடைக்கும், சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. முழுவதும் எண்ணெய் என்றால் நீங்கள் தேடும் அடர்த்தி வராது.

சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும், எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே சர்க்கரைக்கு இனிப்புத் தவிர வேறு உத்தியோகங்களும் உண்டு. தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்து மாவு முழுதாக வேகாமல் தடுக்கிறது, முட்டை இறுகுவதைத் தள்ளிப்போடுகிறது, மேல் தோலைக் கட்டுகிறது. 200 கிராமை 175 ஆக்கினால் தாங்கும். 120 ஆக்கினால் கையில் இருப்பது வறண்ட கேக். இனிப்பு தூக்கலாகத் தெரிந்தால் சர்க்கரையைத் தொடாமல் சாக்லேட்டின் கோகோ சதவீதத்தை ஏற்றுங்கள். கூடவே உப்பைத் தவறாமல் போடுங்கள். நாட்டுச்சர்க்கரையில் உள்ள ஈரமும் வெல்ல வாசனையும் சாக்லேட்டோடு அருமையாகச் சேரும், ஆனால் 50 கிராமைத் தாண்டினால் மேல் தோலின் பளபளப்பு மங்கும். கட்டியில்லாமல் சலித்துப் போடுங்கள்.

முட்டையில் எடை முக்கியம். அமெரிக்கக் குறிப்புகள் ஓடு நீக்கி 50 கிராம் வரும் பெரிய முட்டையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நமக்குக் கிடைக்கும் நாமக்கல் முட்டை பல நேரம் அதைவிடக் கொஞ்சம் சிறியது. உடைத்து ஊற்றிய மூன்றும் சேர்ந்து 140 முதல் 150 கிராம் இருந்தால் சரி. ரொம்பக் குறைந்தால் நாலாவது முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் சேருங்கள், வெள்ளை வேண்டாம். வெள்ளை கூடினால் பிரௌனி உப்பி, கேக் பக்கம் சாயும்; மஞ்சள் கூடினால் குழைவுதான் கூடும்.

செய்முறையில் முதல் வேலை ஓவனைச் சூடாக்குவது. ஓடிஜி, அதாவது மேசையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன் என்றால் மேல், கீழ் கம்பி இரண்டும் எரிய 170 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம். ஃபேன் ஓடுகிற ஓவன் என்றால் 155. டின்னின் அடியிலும் இரண்டு பக்கங்களிலும் பேக்கிங் காகிதத்தை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள், பின்னால் அப்படியே தூக்கி எடுக்க அதுதான் கைப்பிடி. பாத்திரத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் வைத்து மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, அதன் மேல் தண்ணீரைத் தொடாதபடி ஒரு கிண்ணத்தில் வெண்ணெயையும் பொடித்த சாக்லேட்டையும் போட்டு உருக்குங்கள். மூடாதீர்கள், ஆவி சொட்டி உள்ளே விழுந்தால் சாக்லேட் மணல்போலத் திரண்டுகொள்ளும். சின்னச் சின்னக் கட்டிகள் இன்னும் மிதக்கும்போதே இறக்கிவிடுங்கள், இருக்கிற சூட்டிலேயே மீதி உருகும். அந்தச் சூட்டிலேயே கோகோவையும் காபித்தூளையும் சலித்துப் போட்டுக் கலக்குங்கள். தாளிப்பில் எண்ணெயின் சூட்டில் மணம் எழுவது போல, கோகோவும் சூடான கொழுப்பில் பட்டால்தான் முழு மணத்தையும் விடும். காபி தனியாகத் தெரியாது, சாக்லேட்டை ஆழமாக்கும். டிக்காஷன் ஊற்றவேண்டாம், தண்ணீர் சேரும்.

இது வெதுவெதுப்பாக ஆறுவதற்குள் முட்டை, இரண்டு சர்க்கரை, உப்பு, வெனிலா எல்லாவற்றையும் இன்னொரு பாத்திரத்தில் அடிக்கவேண்டும். நம் ஊர்ச் சர்க்கரைப் படிகம் பெரிது, சீக்கிரம் கரையாது. மிக்ஸியில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஓட்டி ரவை மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ஐசிங் சுகர் வேண்டாம், அதில் பெரும்பாலும் சோள மாவு கலந்திருக்கும். எலக்ட்ரிக் பீட்டரில் 4 நிமிடம், கையால் விஸ்க் வைத்து அடித்தால் 7, 8 நிமிடம். நிறம் வெளுத்து, பீட்டரைத் தூக்கினால் கலவை நாடாபோல விழுந்து, விழுந்த கோடு ஓரிரு நொடி மேலே நின்று கரையவேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு துளி எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் இன்னும் கரையவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையில் சர்க்கரை எளிதில் கரையாது, முன்கூட்டியே பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவையுங்கள்.

சாக்லேட் கலவையை இதில் ஊற்றி ஸ்பாட்டுலாவால் அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். கிண்ணத்தைத் தொட்டால் கைக்கு இதமான சூடு இருக்கவேண்டும்; கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை ஓரத்தில் வெந்து நூலாகும். நிறம் ஒன்றானதும் மைதாவைச் சலித்துப் போட்டு, வெள்ளைக் கோடு மறையும்வரை மட்டும் புரட்டுங்கள். இருபது, இருபத்தைந்து புரட்டலில் முடிந்துவிடும். முடிந்தபின் ஆசைக்கு இரண்டு சுற்று என்று கையை ஓட்டாதீர்கள். கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாக, பளபளப்பாக இருக்கும். டின்னில் ஊற்றி மூலைகளுக்குத் தள்ளிவிடுங்கள். தோசைமாவு மாதிரி தானாக ஓடிப் பரவினால் எங்கோ அளவு தப்பியிருக்கிறது.

இனி எல்லாம் பதம்தான். நடுத்தட்டில் வைத்தால் 24 முதல் 30 நிமிடம் என்று சொல்வேன், ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். வீட்டு ஓடிஜியின் குமிழ் 170 காட்டும்போது உள்ளே 155-ஆகவும் இருக்கலாம், 190-ஆகவும் இருக்கலாம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் இருந்தால் உண்மை தெரியும். 22-ஆவது நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். டின்னை லேசாக ஆட்டினால் ஓரம் அசையாமல், நடுப்பகுதி மட்டும் கெட்டித் தயிர்போல மெல்லத் துளும்பவேண்டும். அலையடித்தால் இன்னும் ஆகவில்லை. குச்சியை நடு மையத்தில் குத்தாமல், ஓரத்துக்கும் மையத்துக்கும் இடையில் குத்துங்கள். குச்சி சுத்தமாக வந்தால் நேரம் கடந்துவிட்டது. கூழ் மாதிரி திரவம் வழிந்தால் இன்னும் மூன்று நிமிடம் பாக்கி. ஈரமான துணுக்குகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு, விரலால் உருட்டினால் சின்ன உருண்டையாக உருண்டுகொண்டால், அதுதான் பதம். குத்தும் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் நடுவில் 80-ஐத் தாண்டி 85-க்குள் இருக்கும்போது எடுத்துவிடலாம். அந்தச் சூட்டில் முட்டை பத்திரமாக வெந்திருக்கும். 95-ஐத் தொட்டால் கேக்.

வெளியே எடுத்தபின்னும் டின்னின் சூட்டில் அது வெந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் 35 நிமிடத்தோடு இந்தக் கூடுதல் வேக்காட்டையும் கூட்டினால், குச்சி சுத்தமாக வரும்வரை காத்திருந்தது ஏன் இரட்டைத் தவறு என்பது புரியும். கொஞ்சம் அதிகம் வைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால், அலுமினிய டின்னாக இருக்கும்பட்சத்தில் ஒரு தட்டில் அரை அங்குலம் குளிர்ந்த நீர் ஊற்றி அதில் டின்னை உட்காரவையுங்கள், வேக்காடு உடனே நிற்கும். கண்ணாடிப் பாத்திரத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள், விரிசல் விடும். உண்மையில் கண்ணாடிப் பாத்திரமே இதற்கு அவ்வளவு ஏற்றதில்லை. மெதுவாகச் சூடேறி, சூட்டை விடாமல் பிடித்துவைத்து, ஓரங்களைக் கடினமாக்கிவிடும்.

ஆறவிடுவதில் நம் ஊர் வெயிலுக்கென்று ஒரு சேதி உண்டு. வெளிநாட்டுக் குறிப்புகள் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் ஆறவிடச் சொல்லும். அவர்கள் அறை 20 டிகிரி. கோகோ பட்டர் உருகுவது 34 டிகிரிக்கு அருகே, வெண்ணெயும் ஏறக்குறைய அங்கேதான். மே மாதச் சென்னைச் சமையலறையில் அந்தப் பிரௌனி எத்தனை மணி நேரம் இருந்தாலும் இறுகாது. வேகவில்லை என்று நினைத்து மறுபடி ஓவனில் வைத்துக் கெடுத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் வெளியே ஆறியதும், டின்னோடு இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிறகு காகிதத்தைப் பிடித்துத் தூக்கி, கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி நனைத்துத் துடைத்து வெட்டினால் ஓரம் கண்ணாடிபோல நிற்கும். 16 துண்டு வரும். பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்பு வெளியே எடுத்துவையுங்கள். ஃபிரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும்.

அந்தப் பளபளப்பான தோலைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியானது எது, யூகம் எது என்று பிரித்துச் சொல்வதுதான் நியாயம். முட்டையின் ஈரத்தில் சர்க்கரை நன்றாகக் கரைந்திருந்தால், அந்தப் பாகு மேல்பரப்பில் சீக்கிரம் உலர்ந்து மெல்லிய தோலாகிறது, கீழே கலவை உப்பும்போது அது விரிசல் விட்டுச் சுருக்கங்களாகிறது. கரையாத சர்க்கரையில் இது வராது, இவ்வளவும் நிச்சயம். முட்டையை அடித்து நுரைக்கவேண்டியது கட்டாயமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. சர்க்கரையைச் சூடான வெண்ணெயிலேயே போட்டுக் கிளறி, பிறகு முட்டை சேர்த்தும் நல்ல தோல் எடுக்கிறார்கள். இரண்டு வழியும் பலிக்கிறது. நுரைத்தால் தோல் தடிமனாகவும் சற்று உப்பலாகவும் வருவதைப் பழக்கத்தில் பார்க்கலாம். பேக்கிங் பவுடர் போட்டால் பளபளப்பு குறையும் என்பார்கள், பெரும்பாலும் அப்படித்தான் அமைகிறது, ஆனால் விதியாகச் சொல்லமாட்டேன். கோகோவில் இயற்கைக் கோகோ, காரம் (அல்கலி) சேர்த்துப் புளிப்பைக் குறைத்த டச்சுக் கோகோ என்ற சர்ச்சையும் இப்படித்தான். சோடாவே போடாத இந்தக் குறிப்பில் இரண்டும் வேலை செய்யும். டச்சுக் கோகோ கறுப்பாகவும் மென்மையாகவும் இருக்கும், இயற்கைக் கோகோவில் சின்னப் புளிப்பு நிற்கும். உங்கள் நாக்குதான் தீர்ப்புச் சொல்லவேண்டும். மறுநாள் பிரௌனி கூடுதல் ருசியாக இருப்பது சாப்பிட்ட எல்லோருக்கும் தெரிந்ததே. ஓரத்து வறட்சியும் நடுவின் ஈரமும் ராத்திரியில் சமப்படுவதுதான் காரணம் என்ற விளக்கம் பொருத்தமாகப் படுகிறது, அதற்குமேல் அடித்துச் சொல்வதற்கில்லை.

தப்பும் இடங்கள் இன்னும் சில. மேலே எண்ணெய் மிதந்தால், சாக்லேட் அதிகம் சூடாகிப் பிரிந்திருக்கிறது, அல்லது சூடான கலவையில் குளிர்ந்த முட்டை சேர்ந்திருக்கிறது. மைதா சேர்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டால் ஒரு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான பாலை ஊற்றி வேகமாக விஸ்க்கால் அடியுங்கள், பெரும்பாலும் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஓரம் கடினமாகி நடு பச்சையாக இருந்தால் ஓவன் அதிகச் சூடு. 160-க்கு இறக்கி நேரத்தைக் கூட்டுங்கள். நடுவில் லேசாகக் குழிவது இயல்பு. கிணறுபோல இறங்கினால் முட்டையை அளவுக்கு மீறி அடித்திருக்கிறீர்கள். டின் 9 அங்குலமாக இருந்தால் கலவை மெல்லிதாகப் பரவும், 18-ஆவது நிமிடத்திலேயே பார்க்கவேண்டும். குக்கரில் உப்பு பரப்பிச் செய்யலாமா என்றால் செய்யலாம், கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல், மெல்லிய தீயில், 40 நிமிடம் பக்கம். உள்பதம் கிடைத்துவிடும். ஆனால் மூடிக்குள் ஆவி சுற்றிக்கொண்டே இருப்பதால் மேல்பரப்பு உலராது, அந்தத் தோலை எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டில் முட்டை சேர்க்காதவர்கள் இருந்தால், ஆளிவிதைப் பொடி இரண்டு டேபிள்ஸ்பூனை 90 மில்லி வெதுவெதுப்பான நீரில் கலந்து பதினைந்து நிமிடம் கொழகொழவென்று ஆகும்வரை வைத்து மூன்று முட்டைக்குப் பதிலாகச் சேர்க்கலாம். பிடிமானம் குறைவதால் மைதாவை 80 கிராம் ஆக்கி, கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் போடுங்கள். இங்கே மட்டும் அது தேவை. சர்க்கரையைச் சூடான வெண்ணெய்க் கலவையிலேயே சேர்த்துக் கிளறிவிடுங்கள். ஃபட்ஜ் தன்மை நன்றாகவே வரும், பளபளப்பு மட்டும் அரைகுறைதான். கன்டென்ஸ்டு மில்க் ஊற்றிச் செய்யும் முறைகளும் உண்டு. அவற்றில் பால்கோவா ருசி முன்னால் வந்து சாக்லேட் பின்னால் போய்விடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஏற்கெனவே செய்து வைத்திருக்கிற அந்தக் கேக்கைத் தூக்கிப் போடவேண்டாம். 100 மில்லி ஃப்ரெஷ் கிரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, பொடித்த 100 கிராம் டார்க் சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வட்டமாகக் கலக்குங்கள். கேக்கில் குச்சியால் அங்கங்கே ஆழமாகத் துளையிட்டு, அது லேசான சூட்டில் இருக்கும்போது இதை ஊற்றி, ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.